நீலக் கூறையும் வெற்றுத் திரையும்

திருகோணமலை நகரத்தில், பத்திரகாளி அம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், என் அத்தான் ஒரு சிறிய ஸ்டூடியோ நடத்துகிறார். கலியாணம், சாமத்தியவீடு, நிக்காஹ், கோயில் திருவிழா என்று நகரத்துக்குள்ளும் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் வரையும் அவர் படம் எடுக்கப் போவார். ஒரு கலியாணத்துக்கு ஏறத்தாழ 1,200 படங்கள் சேரும். அவற்றிலிருந்து அல்பத்துக்குரிய 120 படங்களை வீட்டார் ஸ்டூடியோவுக்கு வந்து தெரிவு செய்ய வேண்டும். முன்பெல்லாம் கணினியில் ஒவ்வொரு படமாகத் திறந்து காட்டுவோம். வீட்டார் தலையாட்டியதும் அந்தக் கோப்பின் எண்ணைக் கொப்பியில் எழுதுவோம். நான்கு இலக்க எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால், மாப்பிள்ளையின் தாய்மாமன் இருக்க வேண்டிய பக்கத்தில் சாப்பாட்டுப் பந்தி வந்து உட்கார்ந்துவிடும். அப்படி ஒரு முறை வந்தும் விட்டது.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்காக நான் பைதன் என்ற செய்நிரல் மொழியைப் படித்திருந்தேன். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெரிய தொலைக்காட்சித் திரையில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒரு விசையை அழுத்தினால் தெரிவைக் குறித்துக்கொள்ளும் செய்நிரல் ஒன்றை எழுதித் தருவதாக அத்தானிடம் சொன்னேன். இரண்டு நாள் போதும் என்றும் சொன்னேன். படத்தைத் திறப்பது ஒரு வரி, காட்டுவது இன்னொரு வரி என்பதே அப்போது என் கணக்காக இருந்தது. முதல் வடிவம் வீட்டாருக்குக் காட்டத் தகுந்ததாக ஆவதற்கு நான்கு மாதம் சென்றது.

முதலில் பில்லோ என்ற நூலகத்தை, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்பை, எடுத்தேன். 2009 ஆம் ஆண்டுக்குப் பின் புதிய வெளியீடு காணாமல் நின்றுபோன பழைய பைதன் பட நூலகத்திலிருந்து 2010 இல் கிளைத்து வளர்ந்தது அது. பைதனில் படங்களைக் கையாளும் எவரும் முதலில் தொடுவதும் பெரும்பாலும் அதைத்தான். அதிலுள்ள ஷோ என்ற கட்டளையை எழுதியதும் படம் திரையில் தோன்றியது. மகிழ்ச்சியோடு அதை, ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் மடக்கு ஒன்றுக்குள் வைத்து, ஒரு கலியாணத்தின் கோப்புறை முழுவதையும் ஓட விட்டேன். விண்டோஸின் படம் பார்க்கும் மென்பொருள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்துகொண்டே போக, கணினி மூச்சு முட்டி நின்றது. அந்தக் கட்டளை படத்தைத் தானாகக் காட்டுவதில்லை. படத்தை ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதி, அதைத் திறக்கும்படி வேறொரு மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. அடுத்த படம் வரும்போது முந்தியதை மூடும் அதிகாரம் என் செய்நிரலுக்கு இல்லை. படம் சரியாகத் திறக்கிறதா என்று எழுதும்போது பார்த்துக்கொள்வதற்கு அது நல்ல கருவி. வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு உரியதன்று.

அடுத்ததாக ஓபன்சிவி என்ற இன்னொரு பட நூலகத்துக்குப் போனேன். அங்கே சாளரம் என் கையில் இருந்தது. ஆனால் முதல் ஓட்டத்திலேயே, படத்தின் அளவு பூச்சியத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வந்தது. படத்தைக் காட்டும் வரியை ஒரு பின்னேரம் முழுவதும் மாற்றி மாற்றி எழுதினேன். பிழையோ அதற்கு முந்திய வரியில் இருந்தது. ஓபன்சிவியில் படத்தைப் படிக்கும் ஐஎம்ரீட் என்ற கட்டளை, கோப்பைத் திறக்க முடியாதபோது பிழை எழுப்பி நிற்பதில்லை. ஒன்றுமில்லை என்ற மதிப்பைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த வரிக்குப் போக விடுகிறது. அதனால் ஐஎம்ரீட்டை அழைத்தவுடனேயே, கிடைத்தது படமா வெறுமையா என்று சோதிக்கும் ஒரு வரியை எழுதாமல் இப்போது நான் அப்பால் நகர்வதில்லை.

கோப்பு கண்முன்னே இருக்க, ஏன் திறக்கவில்லை? அத்தான் கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர். அன்று நான் எடுத்தது 'நிலாவெளிக் கலியாணம்' என்ற கோப்புறை. விண்டோஸில் ஐஎம்ரீட் அத்தகைய பாதையைப் படிக்கத் தெரியாமல் தடுமாறுகிறது. படத்தின் பெயர் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருந்தாலும், அதற்குப் போகும் வழியில் ஒரேயொரு தமிழ்க் கோப்புறை இருந்தால் போதும். கோப்புறைகளை ஆங்கிலத்துக்கு மாற்றுமாறு அத்தானிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை; தமிழ்ப் பெயரைப் படிக்கத் தெரியாதது நூலகத்தின் குறை, அவருடைய குறையன்று. எண்களின் அணிகளைக் கையாளும் நம்பை என்ற நூலகத்தின் ஃபுரொம்ஃபைல் மூலம் கோப்பை வெறும் பைட்டுகளாகப் படித்து, அந்தப் பைட்டுகளை ஓபன்சிவியின் ஐஎம்டிகோட் என்ற சார்பிடம் (சார்பு என்பது பெயரிட்டு வைத்து அழைக்கும் வரிகளின் தொகுதி) கொடுத்தால், பாதையைப் படிக்கும் வேலை ஓபன்சிவிக்கு வருவதேயில்லை. பில்லோவுக்கு இந்தத் தொல்லை கிடையாது; அது பைதனின் சொந்தக் கோப்புத் திறக்கும் வழியிலேயே போகிறது.

படம் வந்தது. சாளரம் சாம்பல் நிறமாகவே நின்றது. வெயிட்கீ என்ற வரியைச் சேர்த்த பிறகுதான் உருவம் விழுந்தது, ஏனெனில் சாளரம் தன்னை வரைந்துகொள்வதற்கான நேரத்தை அந்த வரிதான் கொடுக்கிறது. அதன்பின், ஓபன்சிவியில் நேரடியாகத் திறக்கும் பழைய வழியை விட்டு, பில்லோவில் திறந்து ஓபன்சிவியில் காட்டும் கலப்பு வழி ஒன்றைச் செய்து, அன்றைக்கே வந்திருந்த ஒரு குடும்பத்துக்கு ஆர்வத்தோடு காட்டினேன். மணப்பெண்ணின் அம்மம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார்.

"தம்பி, கூறை சிவப்பிலதானே எடுத்தனாங்கள். இது என்ன நீலம்?"

கூறைச் சேலை கருநீலமாகவும், தாலிக்கொடி வான்நீலமாகவும், மாப்பிள்ளை நீண்ட நாள் நோயில் கிடந்தவரைப் போலவும் தெரிந்தனர். பச்சை வாழையிலை மட்டும் அப்படியே பச்சையாக இருந்தது. காரணத்தைக் காட்டித் தந்ததும் அதுதான். பில்லோ ஒவ்வொரு பிக்சலிலும், அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் மூன்று எண்களை வைக்கிறது. ஓபன்சிவியோ நீலம், பச்சை, சிவப்பு என்று எதிர்பார்க்கிறது. நடுவில் இருப்பது இரண்டிலும் பச்சை. ஒரு நூலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் படத்தைக் கொடுக்கும்போது வரிசையை மாற்றும் ஒரு வரி போதும், ஆனால் அதை மறந்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது; கணினியைப் பொறுத்தவரை அதுவும் ஒரு படம்தான். நிறம் பிழைத்ததைச் சொல்ல ஒரு அம்மம்மா வேண்டும்.

ஓபன்சிவியை நான் விட்டதற்கு உண்மையான காரணம் எழுத்து. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அதன் எண்ணும், தெரிவு செய்திருந்தால் 'தெரிவு' என்ற சொல்லும் தோன்ற வேண்டும் என்று அத்தான் விரும்பினார். ஓபன்சிவியின் எழுத்திடும் சார்பு தமிழுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளை வரிசையாகப் போட்டது. பில்லோவில் நிர்மலா எழுத்துருவைக் கொடுத்து எழுதியபோது தமிழ் வந்தது, ஆனால் 'தெ' என்பதில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. ராக்கம் என்ற துணை நூலகம் இயங்கும் நிலையில் இருந்தால்தான் பில்லோ தமிழின் உயிர்க்குறிகளை உரிய இடத்தில் அமைக்கும். இல்லாவிட்டால் எழுத்துகளை வந்த வரிசைப்படியே அடுக்கிவிடும். பில்லோவின் ஃபீச்சர்ஸ் பகுதியில் ராக்கம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். என் கணினியில் இல்லை என்று வந்தது. பைதனோடு வரும் சாளரம் அமைக்கும் நூலகமான டிகேஇண்டரோ, விண்டோஸில் எழுத்தை விண்டோஸிடமே விட்டுவிடுவதால் 'தெரிவு' சரியாக விழுந்தது. படத்தின்மேல் எழுத்தைப் பொறிக்காமல், படத்தை ஓர் அடுக்காகவும் எழுத்தை அதன்மேல் இன்னோர் அடுக்காகவும் டிகேஇண்டரின் கன்வஸ் என்ற வரைபரப்பில் வைப்பதென்று முடிவு செய்தேன். மூலப்படத்தில் எதையும் எழுதாமல் இருப்பது ஸ்டூடியோவுக்கும் பாதுகாப்பு.

டிகேஇண்டரில் மூன்று தடைகள் காத்திருந்தன. அதன் சொந்தப் படக் கருவி, என்னிடம் இருந்த 8.6 பதிப்பில், பிஎன்ஜி, ஜிஃப் ஆகியவற்றைத் திறக்கும்; கமரா தரும் ஜேபெக்கைத் திறக்காது. எனவே பில்லோவில் திறந்து, அதன் இமேஜ்டிகே பகுதியால் மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, பில்லோவிலிருந்து இமேஜ் என்ற பெயரை எடுத்துக்கொண்ட பிறகு, டிகேஇண்டரிலிருந்து எல்லாவற்றையும் நட்சத்திரக் குறியிட்டு அள்ளினேன். டிகேஇண்டருக்குள்ளும் இமேஜ் என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. பின்னால் வந்தது முன்னதை மூடிவிட, இமேஜுக்கு ஓபன் என்ற ஒன்றே இல்லை என்று பைதன் சாதித்தது. நட்சத்திரக் குறியால் அள்ளுவதை அன்றோடு விட்டேன்.

மூன்றாவதுதான் என்னை மூன்று இரவுகள் உறங்க விடாமல் செய்தது. படத்தைத் திறந்து, மாற்றி, கன்வஸில் வைக்கும் வரிகளைத் தனியாக எழுதியபோது படம் தெரிந்தது. அதே வரிகளை ஒழுங்காக ஒரு சார்புக்குள் எடுத்து வைத்ததும் திரை வெறுமையாகிவிட்டது. பிழைச்செய்தி கிடையாது. படத்துக்குரிய அளவு சரியாக ஒதுக்கப்பட்டிருந்தது. உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை. ஓடுகிற சார்பின் நடுவில் நிறுத்திப் பார்த்தால் படம் இருக்கும். சார்பு முடிந்த கணத்தில் போய்விடும்.

படத்தை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே அங்கே கேள்வி. சார்புக்குள் உருவாக்கிய மாறி, சார்பு முடிந்ததும் மறைகிறது. ஒரு பொருளை எவரும் சுட்டவில்லை என்றால் பைதன் அதை நினைவகத்திலிருந்து அகற்றிவிடும். அகற்றும்போது, தன் பங்குக்கு, டிகேஇண்டருக்கு அடியில் ஓடும் டிகேயிடமும் அந்தப் படத்தை அழிக்கச் சொல்லிவிடுகிறது. கன்வஸ் அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருப்பது பைதனின் கணக்கில் ஒரு பிடிமானமாகச் சேர்வதில்லை, ஏனென்றால் கன்வஸுக்குத் தெரிந்தது படத்தின் பெயர் மட்டுமே. தீர்வு ஒரு வரி: மாற்றிய படத்தை சாளரத்தின் ஒரு பண்பாகவோ வகுப்பின் மாறியாகவோ எங்காவது நிலைத்திருக்கும் இடத்தில் வைத்துக்கொள்வது. வைத்துக்கொண்டேன். படம் நின்றது.

அதுவரை 'படம்' என்ற ஒரே சொல்லால் மூன்று பொருள்களை நான் அழைத்துக்கொண்டிருந்தேன். வட்டில் சுருங்கிக் கிடக்கும் கோப்பு ஒன்று. நினைவகத்தில் விரிந்து கிடக்கும் பிக்சல்களின் அணி இன்னொன்று. சாளரம் திரையில் பிடித்து வைத்திருக்கும் உருவம் மூன்றாவது. தமிழ்க் கோப்புறையில் சிக்கியது முதலாவது, நீலமானது இரண்டாவது, மறைந்தது மூன்றாவது. இதைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு, ஒரு பிழை வந்தால் எந்த வரியில் என்று தேடுவதற்கு முன் எந்தப் படத்தில் என்று கேட்கப் பழகினேன்.

இதன்பின் வந்த சில சிக்கல்கள் விரைவாகத் தீர்ந்தன. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் மான்கள் மேயும் இடத்தில் நின்று எடுத்த மணமக்களின் நெடும்படங்கள் எல்லாம் பக்கவாட்டில் சரிந்து கிடந்தன. கமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தாலும் அது பிக்சல்களைக் கிடையாகவே எழுதி, 'இதைத் திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை மட்டும் கோப்புக்குள் வைக்கிறது. பில்லோவின் எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் அந்தக் குறிப்பைப் படித்துப் படத்தை நிமிர்த்தும். அகலத்தையும் உயரத்தையும் அளப்பதற்கு முன்னரே அதை அழைத்துவிட வேண்டும். தம்நெயில் என்ற சார்பு படத்தை அதே இடத்திலேயே சுருக்குகிறது, எதையும் திருப்பித் தருவதில்லை. அதன் விடையை மாறியில் வாங்கினால் படம் போய் வெறுமைதான் கையில் இருக்கும். தானாக ஓடும் காட்சிக்கு ஐந்து வினாடி இடைவெளி விடுவதற்காக, செய்நிரலை முழுதாக உறங்க வைக்கும் ஸ்லீப் என்ற கட்டளையை எழுதினேன். சாளரம் பதிலளிக்கவில்லை என்று விண்டோஸ் அறிவித்தது. டிகேஇண்டரில் காத்திருக்க ஆஃப்டர் என்ற வழியைத்தான் பயன்படுத்த வேண்டும். 2023 இல் பில்லோவின் 10 ஆவது பதிப்பை நிறுவியபோது, படத்தைச் சுருக்கும் முறைக்கு நான் எழுதியிருந்த ஆன்டிஅலையாஸ் என்ற பெயர் நீக்கப்பட்டிருந்ததால் ஒரு நாள் காலை செய்நிரல் திறக்கவே இல்லை. அதற்குப் பதிலாக லான்சோஸ் என்று எழுதியதும் சரியானது.

இரண்டு சிக்கல்கள் செய்நிரலுக்கு வெளியே இருந்தன. தொலைக்காட்சியின் அகலம் 1920, உயரம் 1080 பிக்சல். டிகேஇண்டரிடம் திரையின் அளவைக் கேட்டால் 1536, 864 என்று சொன்னது. படமும் மெல்லிய புகை படிந்ததுபோல் தெளிவிழந்திருந்தது. விண்டோஸில் எழுத்துகளைப் பெரிதாக்கும் அளவு 125 சதவீதத்தில் இருந்ததால், விண்டோஸ் என் சாளரத்தைச் சிறிதாக வரைய விட்டுப் பின் தானே ஊதிப் பெருப்பித்துக்கொண்டிருந்தது. சாளரத்தை உருவாக்குவதற்கு முன், திரையின் உண்மையான அளவை நான் அறிவேன் என்று பைதனிலிருந்து விண்டோஸின் கட்டளைகளை அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியாக விண்டோஸுக்குச் சொல்லும் ஒரு வரி அதைத் தீர்த்தது. மற்றது, மூலையில் வைத்த எண் பாதி வெட்டுண்டு தெரிந்தது. இரண்டு நாள் ஆள்கூறுகளைத் திருத்தினேன். ஈற்றில் குற்றவாளி தொலைக்காட்சியின் பட்டியலில் இருந்தது: வரும் காட்சியைச் சற்றுப் பெரிதாக்கி விளிம்புகளை வெட்டும் அமைப்பு. அதை அணைத்ததும், கணினி அனுப்பியது முழுவதும் திரையில் வந்தது.

வேகம்தான் மிகக் கடினமாக இருந்தது. அத்தானின் கமரா தரும் படம் 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். வட்டில் அது ஏழெட்டு மெகாபைட்டாக இருக்கலாம். நினைவகத்தில் விரிந்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று பைட் என்ற கணக்கில் 7 கோடியே 20 இலட்சம் பைட்டுகளாகிறது. எல்லாப் படங்களையும் முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டால் விரைவாக இருக்குமே என்று நினைத்தேன். 1,200 படங்களுக்கு அது 86 ஜிகாபைட்டுக்கு மேல். ஸ்டூடியோக் கணினியில் இருந்ததோ 8. ஒவ்வொன்றாகத் திறந்தாலோ விசையை அழுத்திய பிறகு ஒரு வினாடிக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வினாடி பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் எட்டுப் பேர் கொண்ட குடும்பம் திரைமுன் இருக்கும்போது, அந்த ஒரு வினாடியில் ஒருவர் 'முந்தினது நல்லம்' என்பார், மற்றவர் வாக்குவாதத்தில் இறங்குவார், தெரிவு அப்படியே நின்றுவிடும்.

திரைக்குத் தேவையானது முழுப் படம் இல்லை. 6000க்கு 4000 என்ற படம் அந்தத் தொலைக்காட்சியில் 1620க்கு 1080 ஆகத்தான் பொருந்தும். அது நினைவகத்தில் 5 மெகாபைட்டுக்குச் சற்று மேல். ஜேபெக் கோப்பைத் திறக்கும்போதே பாதி, கால், அரைக்கால் அளவில் விரிக்க வழியிருக்கிறது. பில்லோவில் அதற்கு டிராஃப்ட் என்று பெயர். பிக்சல்களைப் படிப்பதற்கு முன்னர் அதை அழைத்துத் திரையின் அளவைச் சொன்னால், அது 3000க்கு 2000 என்ற பாதி அளவில் விரித்துத் தரும். மிச்சத்தைத் தம்நெயில் சுருக்கும். அதோடு, இப்போது காட்டும் படத்துக்கு முன்னும் பின்னும் மும்மூன்று படங்களை மட்டும் சுருக்கிய நிலையில் வைத்துக்கொண்டு, தூரமானவற்றை விட்டுவிடும்படி மாற்றினேன். அடுத்த மூன்றையும் பின்னணி இழை ஒன்று (செய்நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு வேலைத்தொடர்) திறந்து ஆயத்தப்படுத்தும். அங்கே ஓர் எச்சரிக்கை: டிகேஇண்டரைப் பின்னணி இழையிலிருந்து தொடக்கூடாது. பில்லோவின் வேலையைப் பின்னணியில் முடித்து வரிசையொன்றில் போட்டு, டிகேயின் படமாக மாற்றும் இறுதி வேலையை முதன்மை இழையிலேயே செய்ய வேண்டும். இதைப் பொருட்படுத்தாமல் எழுதிய எனது வடிவம், எப்போது விழும் என்று சொல்ல முடியாதபடி வாரத்துக்கு ஒரு தடவை விழுந்தது.

நான் இதைத் தொடங்கிய 2022, மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்தையும் தாண்டிய காலம். கிண்ணியாவிலிருந்து வந்த குடும்பம் 90 படங்களைத் தெரிவு செய்திருந்த நிலையில் கரண்ட் போய், தெரிவுகள் நினைவகத்தோடு போயின. அத்தான் அவர்களுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடுதலாகச் சுட்டது. இப்போது விசை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பட்டியல் புதிய கோப்பாக எழுதப்பட்டு, எழுதி முடிந்த பின்னரே பழையதன் இடத்தைப் பிடிக்கிறது.

கடைசியாகச் சேர்த்தது பெரிதாக்கிக் காட்டும் வசதி. குழுப்படங்களில் யாராவது கண்ணை மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு அது இல்லாமல் முடியாது. திரையிலுள்ள சுருக்கிய படத்தையே பெரிதாக்கினேன். முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதைந்தன. திரைக்கு வந்த படத்தில் இல்லாத நுணுக்கத்தை எங்கிருந்து எடுப்பது? கோப்பை டிராஃப்ட் இல்லாமல் மறுபடி முழுதாகத் திறந்து, நிமிர்த்தி, சொடுக்கிய இடத்தைச் சுற்றி 1920க்கு 1080 அளவில் ஒரு துண்டை வெட்டிக் காட்ட வேண்டும். சொடுக்கிய இடத்தை மூலப்படத்தின் இடமாக மாற்றும்போது, இடப்பக்கத்துக் கறுப்பு விளிம்பை முதலில் கழித்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும். கிடைப்படத்துக்கு அந்த விளிம்பு 150 பிக்சல், நெடும்படத்துக்கு 600. நான் எல்லாவற்றுக்கும் 150 என்று எழுதியிருந்ததால், மணமகளின் முகத்தைச் சொடுக்கினால் கோணமலையின் பாறை வந்தது.

அதைத் திருத்திய பிறகு, நீலக் கூறையைக் கண்டுபிடித்த அதே அம்மம்மா, பேரனின் ஏதோ ஒரு சிறிய கொண்டாட்டத்தின் படங்களைத் தெரிவு செய்ய மறுபடி வந்திருந்தார். குழுப்படம் ஒன்றில் மூன்றாவது வரிசையைச் சொடுக்கச் சொன்னார். கண்கள் திறந்துதான் இருந்தன. அடுத்த படத்திலும் அதே இடத்தைக் காட்டச் சொன்னார்.